முடக்குவாதத்துக்கு ஆன்டிபயாட்டிக்: நாத்தனார் சொன்னதில் பாதி உண்மை

கேள்வி: எனக்கு வயது 41. எட்டு மாதங்களாக முடக்குவாதத்துக்குச் சிகிச்சை எடுக்கிறேன். இந்த நோயைக் காட்டும் ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி. என்ற எதிர்ப்புப் பொருள்கள் இரண்டுமே ரத்தத்தில் அதிகம். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். காலையில் விரல்கள் மடங்காமல் விறைத்திருப்பது முன்பு இரண்டு மணி நேரம் நீடிக்கும். இப்போது அரை மணி நேரமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மாத்திரை போட்ட மறுநாள் முழுவதும் குமட்டல். அந்த நாள் வருகிறது என்றாலே பயமாக இருக்கிறது.

இந்த நோய் ஒரு கிருமியால் வருகிறது, மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாரத்தில் மூன்று நாள் வீதம் ஓராண்டு சாப்பிட்டால் வேரோடு போய்விடும் என்கிறார் என் நாத்தனார். அவருக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் குணமானாராம். முதலில் வலி கூடும், கிருமி சாவதற்கு அதுதான் அடையாளம் என்றும் சொல்கிறார். 'வயிற்றுப்புண் கவலையால் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டர்கள்தானே பிறகு அதற்கும் கிருமிதான் காரணம் என்றார்கள்' என்று கேட்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன் பல்லில் சீழ் பிடித்து, பல் மருத்துவர் அமாக்சிசிலினும் ஐபுபுரூஃபனும் கொடுத்தார். அந்த வாரம் எனக்குக் கைவலியே இல்லை. அதனால் நாத்தனார் சொல்வது சரியோ என்று தோன்றுகிறது. என் மருத்துவர் இதைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? மெத்தோட்ரெக்சேட்டை விட்டு மினோசைக்ளினுக்கு மாறலாமா? ஓர் அட்டை வாங்கியும் வைத்துவிட்டேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாங்கிய அட்டையைப் பிரிக்காதீர்கள். காரணங்களைச் சொல்ல இடம் பிடிக்கும் என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் நாத்தனாரைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கில்லை. அவர் சொன்னதில் பாதி, பெரிய மருத்துவ இதழ்களில் அச்சான செய்தி. மற்றப் பாதியை நம்பி மருந்தை மாற்றினால்தான் விரல்கள் கோணிப்போகும்.

முடக்குவாதத்துக்குப் பின்னால் ஏதோ தொற்று ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் மிகப் பழையது. நாங்கள் இன்றும் எழுதித்தரும் மருந்துகளில் ஒன்று அந்த எண்ணத்திலிருந்து நேராகப் பிறந்தது. பிரான்சைச் சேர்ந்த ழாக் ஃபாரஸ்டியே 1929இல் தங்க உப்பு ஊசியை இந்த நோய்க்குப் பரிந்துரைத்தார். முடக்குவாதமும் காசநோயும் உறவு என்று அப்போது பலர் கருதினார்கள். தங்கச் சேர்மம் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக்கூடத்தில் தடுக்கிறது என்று ராபர்ட் கோச் 1890லேயே சொல்லியிருந்தார். காசநோய் உறவு என்ற கொள்கை பொய்த்துப்போனது. தங்க ஊசியோ பல பத்தாண்டுகள் இந்த நோய்க்கு முக்கிய மருந்தாக நின்றது. பிறகு ஸ்வீடனில் நானா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், 1930களின் இறுதியில் சல்ஃபசாலசினை உருவாக்கச் செய்தார். தொற்றுக்கு எதிராக ஒரு சல்ஃபா மருந்து, அழற்சிக்கு எதிராக ஒரு சாலிசிலேட். இரண்டையும் ஒரே மூலக்கூறாக இணைத்துவிட்டால் நோயின் காரணத்தையும் விளைவையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. கொள்கை நிற்கவில்லை, மருந்து நின்றது. நடுவில் மறக்கப்பட்டு, 1970களின் இறுதியில் பிரிட்டனில் மீண்டும் கையிலெடுக்கப்பட்டு, இன்று மெத்தோட்ரெக்சேட்டுக்குத் துணையாகவும் மாற்றாகவும் உலகெங்கும் கொடுக்கப்படுகிறது.

தவறான கொள்கையிலிருந்து சரியான மருந்து கிடைப்பது எங்கள் துறையில் இப்படிப் பலமுறை நடந்திருக்கிறது. மினோசைக்ளின் கதையும் அதே வகைதான்.

வாரம் மூன்று நாள் என்று நாத்தனார் சொல்லும் முறை, அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் தாமஸ் மெக்ஃபெர்சன் பிரவுன் வழியில் வந்தது. அவர் 1930களில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆய்வு செய்தபோது, ஒரு நோயாளியின் மூட்டு நீரில் மைக்கோபிளாஸ்மா வகைக் கிருமி ஒன்றைக் கண்டார். அதுதான் முடக்குவாதத்தின் மூலம் என்ற முடிவிலிருந்து, 1989இல் இறக்கும்வரை அவர் விலகவில்லை. டெட்ராசைக்ளின் குடும்பத்து ஆன்டிபயாட்டிக்குகளைக் குறைந்த அளவில், விட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்தார். அவரால் நலமடைந்ததாகச் சொன்னவர்கள் ஏராளம். ஆனால் மற்ற ஆய்வாளர்கள் தேடியபோது அந்தக் கிருமி எல்லா நோயாளிகளின் மூட்டிலும் அகப்படவில்லை. டெட்ராசைக்ளினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 1971இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றும் பயன் எதையும் காட்டவில்லை. விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

1990களில் மினோசைக்ளினை முறையாகச் சோதித்தார்கள். மிகப் பெரிய சோதனை அமெரிக்காவில் 219 பேரிடம் நடந்து, 1995இல் வெளியானது. பாதிப் பேருக்குத் தினமும் இருவேளை 100 மில்லிகிராம் மினோசைக்ளின், மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை, 48 வாரங்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. முடிவில், மருந்து எடுத்தவர்களில் 54 சதவீதத்தினருக்கு மூட்டு வீக்கம் குறைந்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 39 சதவீதத்தினருக்குக் குறைந்திருந்தது.

இந்த இரண்டு எண்களையும் நிதானமாகப் பாருங்கள். மருந்து வேலை செய்தது, அதில் ஐயமில்லை. அதே சமயம், ஒன்றுமில்லாத மாத்திரையை விழுங்கியவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கும் வீக்கம் வற்றியது. நாத்தனாருக்குத் தெரிந்தவர் இந்த நான்கில் ஒருவராகவும் இருக்கலாம், உண்மையாகவே மருந்தால் பயனடைந்தவராகவும் இருக்கலாம். ஒருவரை மட்டும் வைத்துச் சொல்ல யாராலும் முடியாது. முடக்குவாதம் தானாக ஏறி இறங்கும் நோய். மிக மோசமான வாரத்தில்தான் எவரும் புது மருந்தைத் தேடிப் போகிறார்கள். அதற்கு அடுத்த மாதம் பெரும்பாலும் சற்று மேலாகத்தான் இருக்கும், என்ன சாப்பிட்டாலும். பயன் கிடைத்தவர் பத்துப் பேரிடம் சொல்வார். கிடைக்காதவர் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வழி பார்ப்பார், அவர் கதை யார் காதுக்கும் வராது.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஓடெல் குழுவினர் செய்த சோதனைகளில் முடிவு இன்னும் நன்றாகவே வந்தது. நோய் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத, ருமட்டாய்டு ஃபேக்டர் உள்ள 46 பேர். ஆறு மாதத்தில், நோய் பாதியாகக் குறைந்தவர்கள் மினோசைக்ளின் அணியில் 65 சதவீதம், வெற்று மாத்திரை அணியில் 13 சதவீதம். இது 1997இல் வந்தது. 2001இல் வெளியான அவர்களது இன்னொரு சோதனையில் இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்தையும் மினோசைக்ளின் முந்தியது. உங்களைப் போலவே ஆரம்ப நிலை நோயாளிகள்தான் இவற்றில் பங்கெடுத்தவர்கள். ஆகவே நாத்தனார் ஆதாரம் இல்லாமல் பேசுகிறார் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். சொல்லப்போனால், அவரைவிட நான் மினோசைக்ளினுக்கு நன்றாகவே வக்காலத்து வாங்கிவிட்டேன்.

இனி மறுபக்கம். ஓடெல் குழுவே 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வுதான் இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. அதே டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்தான டாக்சிசைக்ளினை, மெத்தோட்ரெக்சேட் தொடங்கிய ஆரம்ப நிலை நோயாளிகளுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு இருவேளை 100 மில்லிகிராம், கிருமியைக் கொல்லும் அளவு. இன்னொரு குழுவுக்கு இருவேளை 20 மில்லிகிராம். இந்த அளவு எந்தக் கிருமியையும் கொல்லாது. மூன்றாவது குழுவுக்கு மெத்தோட்ரெக்சேட்டோடு வெற்று மாத்திரை. ஈராண்டு முடிவில் நோய் பாதியாகக் குறைந்தவர்கள் முதல் இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு, 40 சதவீதத்தை ஒட்டி. மூன்றாவது குழுவில் 12 சதவீதத்தை ஒட்டி. கிருமியைக் கொல்லும் அளவும் கொல்லாத அளவும் ஒரே பலனைத் தந்தால், கிருமியைக் கொன்றதால் பலன் வந்தது என்று எப்படிச் சொல்வது?

டெட்ராசைக்ளின்களுக்கு இன்னொரு குணம் உண்டு என்று 1980களிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். குருத்தெலும்பை அரிக்கும் கொலாஜினேஸ் போன்ற நொதிகளை அவை அடக்குகின்றன. அழற்சியைத் தூண்டும் சில வேதிப்பொருள்களையும் குறைக்கின்றன. பல் ஈறு அரிப்புக்கு இதே 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுக்கப்படுவதும் இந்தக் குணத்துக்காகத்தான். மூட்டில் நடந்ததும் பெரும்பாலும் இதுவே என்பது என் கருத்து. இது ஓர் எளிய அழற்சி எதிர்ப்பு மருந்து. அழற்சி எதிர்ப்பு மருந்தாக இன்று அதைவிட வலுவானவை நம்மிடம் இருக்கின்றன. கூடவே இதையும் சொல்லவேண்டும்: டாக்சிசைக்ளினை வைத்து 2001இல் வெளியான வேறு இரண்டு சோதனைகளில் பயன் எதுவும் தெரியவில்லை. இவற்றில் பங்கெடுத்தவர்கள் எல்லாமே சில பத்துப் பேர். அதனால் நல்ல முடிவையும் கெட்ட முடிவையும் நான் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கிறேன்.

வயிற்றுப்புண் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். முதலில் அவர்களை நம்பாதவர்கள் பலர் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் ஏன் வென்றார்கள்? கிருமியை வயிற்றிலிருந்து எடுத்துக் காட்ட முடிந்தது. அதை ஒழித்தால் புண் ஆறியது. மருந்தை நிறுத்திய பிறகும் புண் திரும்பவில்லை. முடக்குவாதத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. அதைவிட வலுவான எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி, ரிடுக்ஸிமாப் போன்ற இன்றைய உயிரியல் மருந்துகள் நம் எதிர்ப்பு சக்தியின் ஒரு பகுதியை அடக்கிவைக்கின்றன. உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருந்தால் டி.என்.எஃப். தடுப்பு மருந்து அதைத் தட்டி எழுப்பிவிடும். அதனால்தான் அந்த ஊசியைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்கிறோம். மூட்டுக்குள் உயிருள்ள ஒரு கிருமி உட்கார்ந்து முடக்குவாதத்தை நடத்திக்கொண்டிருந்தால், இந்த மருந்துகளால் நோய் பற்றி எரிய வேண்டும். நேர் எதிராக, மூட்டு அடங்குகிறது.

அதற்காகக் கிருமிகளுக்கு இதில் பங்கே இல்லை என்று கதவைச் சாத்திவிடவும் முடியாது. ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம், புரதங்களின் அமைப்பைச் சற்றே மாற்றும் ஒரு நொதி இருக்கிறது. அப்படி மாறிய புரதங்களைத்தான் உங்கள் ரத்தத்தில் அதிகமாக உள்ள ஆன்டி-சி.சி.பி. எதிர்க்கிறது. குடலில் வாழும் பிரிவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா, சிகிச்சை தொடங்காத புதிய நோயாளிகளிடம் கூடுதலாக இருப்பதாக 2013இல் ஓர் ஆய்வு வந்தது. பரம்பரைக் கூறு, புகைப்பழக்கம், ஈறு, குடல் எல்லாம் சேர்ந்து எதிர்ப்பு மண்டலத்தைத் தடம் மாற்றுகின்றன என்பதே இன்றைய எண்ணம். ஆனால் அந்தத் தடமாற்றம், முதல் விரல் வீங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிடுகிறது, ஆன்டி-சி.சி.பி. அவ்வளவு முன்னதாகவே ரத்தத்தில் தலைகாட்டும். வைக்கோல்போர் பற்றிக்கொண்ட பிறகு தீக்குச்சியைத் தேடி அணைத்து என்ன பயன்?

இப்போது உங்கள் பல்வலி வாரத்துக்கு வருகிறேன். அமாக்சிசிலினோடு ஐபுபுரூஃபனும் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஐபுபுரூஃபன் மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் நேரடியான மருந்து. முடக்குவாதக்காரர் அதை ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டால் கைவலி குறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தவிர, உடலில் எங்கே சீழ் இருந்தாலும் அழற்சி கூடும். சீழ் வடிந்ததும் உடம்பு மொத்தமும் இலகுவாகும். அமாக்சிசிலினுக்கு இங்கே தனியாக மாலை போட வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அமாக்சிசிலின், ஐபுபுரூஃபன் இரண்டுமே மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. உங்கள் அளவில், சிறுநீரகம் நன்றாக இருந்தால், பெரும்பாலும் தொல்லை வராது. ஆனால் நீங்கள் மெத்தோட்ரெக்சேட் எடுப்பது பல் மருத்துவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தெரிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு வலுவான காரணம் உண்டு. டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாட்டிக், அல்லது அது கலந்த கோ-டிரைமாக்சசோல், சிறுநீர்த் தொற்றுக்கும் வேறு சிலவற்றுக்கும் சாதாரணமாகக் கொடுக்கப்படுகிறது. அதுவும் மெத்தோட்ரெக்சேட்டும் சேர்ந்தால், இரண்டுமே உடலில் ஃபோலேட் என்ற வைட்டமினை முடக்குவதால், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதையே நிறுத்திவிடலாம். உயிர்கள் போயிருக்கின்றன. வாய் முழுவதும் புண், காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் ரத்தக் கட்டு ஆகியவை அதன் அறிகுறிகள். எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும், நாற்காலியில் உட்கார்ந்ததும் 'நான் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வலி கூடினால் கிருமி சாகிறது என்ற பேச்சுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அப்படி ஒரு விளைவு மருத்துவத்தில் உண்மையிலேயே உண்டு. யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்பார்கள். சிஃபிலிஸ், எலிக்காய்ச்சல் போன்ற நோய்களில் ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளைக்குப் பின் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சலாக வந்து, ஏறக்குறைய ஒரு நாளில் அடங்கிவிடும். வாரக்கணக்கில் விரல்கள் வீங்கிக் கிடப்பதற்கு அந்தப் பெயர் வைக்க முடியாது. அதற்குப் பெயர் கட்டுப்படாத முடக்குவாதம். நலமானாலும் மருந்து வேலை செய்கிறது, மோசமானாலும் மருந்து வேலை செய்கிறது என்றால், அந்த மருந்து எப்போதுதான் தோற்கும்? தோற்கவே முடியாத சிகிச்சையைக் கண்டால் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விலகி நடப்பேன்.

உங்கள் மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கழகம் 2008இலும் 2012இலும் வெளியிட்ட சிகிச்சைப் பரிந்துரைகளில் மினோசைக்ளின் ஓர் இடம் பெற்றிருந்தது. 2015இல் வந்த பரிந்துரைகளில் அதைச் சேர்க்கவில்லை. புதிய தரவும் இல்லை, எழுதித்தருவோரும் அரிதாகிவிட்டார்கள். தடை ஏதும் போடவில்லை, போட்டியில் பின்தங்கிவிட்டது, அவ்வளவுதான். வீக்கமும் வலியும் குறைவது ஒரு பக்கம், எலும்பு அரிக்கப்படாமல் இருப்பது இன்னொரு பக்கம். 219 பேரிடம் செய்த அந்தச் சோதனையில் எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டபோது, மூட்டு அரிப்பைத் தடுத்ததில் மினோசைக்ளினுக்கும் வெற்று மாத்திரைக்கும் உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடங்கிவிடுகிறது. நீங்கள் இப்போது எட்டாவது மாதத்தில் நிற்கிறீர்கள். நாத்தனார் கேட்பது அதில் ஓராண்டை. ஆன்டி-சி.சி.பி. அதிகமாக உள்ளவர்களுக்கு அரிப்பு வேகமாக வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அந்த ஓராண்டைச் சோதனைக்குக் கொடுக்க உங்களுக்கு வசதி இல்லை. அரித்த எலும்பு எந்த மருந்தாலும் பழையபடி வளர்வதில்லை.

மினோசைக்ளின் பத்திரமான மருந்து என்ற எண்ணமும் முகப்பருவுக்குக் கொடுக்கிறார்களே என்பதால் வருவது. தலைசுற்றல் சாதாரணம், பெண்களுக்குச் சற்றுக் கூடுதல். மாதக்கணக்கில் எடுத்தால் முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம், ஈறு, பழைய தழும்பு ஆகிய இடங்களில் நீலமும் கறுப்பும் கலந்த நிறம் படியும். நிறுத்திய பிறகும் நெடுநாள் இருக்கும். அரிதாக மண்டைக்குள் அழுத்தம் ஏறி, தலைவலியும் பார்வை மங்கலும் வரும். கல்லீரலைத் தாக்கலாம், மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைக் கண்காணிக்க வேண்டிய மருந்து என்பதை மறக்கவேண்டாம். எல்லாவற்றையும்விட விசித்திரமான பக்கவிளைவு, மருந்தால் வரும் லூபஸ், அதாவது எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய். நெடுநாள் மினோசைக்ளின் எடுத்தவர்களில் சிலருக்கு எதிர்ப்பு மண்டலம் புதிதாகக் குழம்பி, மூட்டு வலியும் வீக்கமும் உண்டாகின்றன. மூட்டு வலிக்கு எடுத்த மருந்தே மூட்டு வலியைக் கொடுக்கும்போது, கிருமி சாகிறது என்று நம்பி இன்னும் ஆறு மாதம் விழுங்குபவரை நினைத்துப் பாருங்கள்.

இத்தனையும் எழுதிய பிறகு உங்கள் கடிதத்தை மீண்டும் படித்தேன். உங்களை மினோசைக்ளின் பக்கம் தள்ளியது நாத்தனாரின் வாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குமட்டல்தான். இதை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா? நோயாளிகள் பலர் சொல்வதில்லை. இரண்டு மணி நேர விறைப்பு அரை மணியாகக் குறைந்த மகிழ்ச்சியில் இருக்கும் மருத்துவரிடம், அந்த மருந்து பிடிக்கவில்லை என்று சொல்லத் தயங்குவார்கள். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று தாங்களாகவே குறைத்துக்கொள்வார்கள்.

இதற்கு வழிகள் உண்டு. மாத்திரையை இரவு உணவுக்குப் பின், படுக்கப்போகும் முன் எடுத்தால் குமட்டலின் உச்சம் தூக்கத்தில் கழியும். மருத்துவர் அனுமதித்தால், அந்த வார அளவை அதே நாளில் 12 மணி நேர இடைவெளியில் இரண்டாகப் பிரித்து எடுக்கலாம். அதே நாளில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வாரத்துக்கு உரிய மருந்தைத் தினமும் எடுத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். ஃபோலிக் அமிலம் எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். எடுத்துக்கொண்டிருந்தால் அளவைக் கூட்டிப் பார்க்கலாம். இவற்றுக்கும் அடங்காவிட்டால், மெத்தோட்ரெக்சேட்டைத் தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாத பலருக்கு ஊசி ஒத்துக்கொள்கிறது. 15 மில்லிகிராமுக்கு மேல் போகவேண்டி வந்தால் உடலில் சேர்வதும் ஊசியில்தான் மேல். நீங்களே போட்டுக்கொள்ளப் பழகலாம், ஊசி மிகச் சிறியது. அதுவும் ஆகவில்லை என்றால் லெஃப்ளுனோமைடு, நான் மேலே சொன்ன சல்ஃபசாலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், அவற்றுக்கும் மேலே உயிரியல் மருந்துகள். மினோசைக்ளின் அந்த வரிசையில் எங்கோ கடைசியில் நிற்கிறது.

அரை மணி நேர விறைப்பு முன்னேற்றம்தான், ஆனால் இலக்கு அதுவல்ல. வீங்கிய மூட்டு ஒன்றுகூட இல்லாத நிலைக்குக் கொண்டுவரப் பார்க்கவேண்டும். சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தில் தெளிவான முன்னேற்றம், ஆறு மாதத்தில் இலக்கு. இல்லாவிட்டால் சிகிச்சையை மாற்றவேண்டும் என்பது ஐரோப்பியப் பரிந்துரை. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. எனவே அடுத்த முறை போகும்போது, நோய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கை கால் எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தது, மருந்தைக் கூட்டவேண்டுமா சேர்க்கவேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். மினோசைக்ளின் பற்றியும் கேளுங்கள். ஒளிக்கவேண்டிய விஷயம் இல்லை. பல் மருத்துவரிடம் ஈறுகளையும் முழுதாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆகாது, அதை முன்கூட்டியே நிறுத்தவேண்டும். மினோசைக்ளினும் கர்ப்பத்தில் கூடாது.

மூட்டு நோய்க்கு ஆன்டிபயாட்டிக் உண்மையாகவே தேவைப்படும் இடங்களும் உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலில் பென்சிலின் இதயத்தைக் காக்கிறது. பாலுறவால் பரவும் கிளமிடியா தொற்றைத் தொடர்ந்து வரும் மூட்டழற்சியில் அந்தத் தொற்றுக்கு மருந்து தரவேண்டும். உண்ணிக் கடியால் வரும் லைம் நோய், மூட்டுக் காசநோய் ஆகியவை ஆன்டிபயாட்டிக்கால் குணமாகின்றன. நாத்தனாருக்குத் தெரிந்தவரின் நோய் இவற்றில் ஒன்றாகவே இருந்திருக்கலாம். உங்கள் ரத்தப் பரிசோதனையும், இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கிய விதமும் முடக்குவாதத்தையே காட்டுகின்றன.

ஒரு சூழ்நிலை மட்டும் உங்களுக்கும் வரலாம். மற்ற மூட்டுகள் அமைதியாக இருக்கும்போது ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, அசைக்க முடியாமல் வீங்கினால், கூடவே காய்ச்சலும் வந்தால், அதை முடக்குவாதம் என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். உங்கள் நோய்க்கும் மருந்துகளுக்கும் அந்த வாய்ப்புக் கூடுதல், சில சமயம் காய்ச்சல் வராமலேயே இருக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கவேண்டும், ஆன்டிபயாட்டிக்கை ரத்தக் குழாய் வழியாக உடனே தொடங்கவேண்டும். அப்படிப்பட்ட கடுமையான தொற்று எதுவானாலும், அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைத் தள்ளிவைத்துவிட்டு உங்கள் மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதை மட்டும் சட்டென்று நிறுத்தக் கூடாது.